மாமியார் வராத கூட்டம்

டெஸ்மண்டுக்குத் தன் மாமியாரின் இருமல் தெரியும். செருப்பை மண்ணில் தேய்த்து நடக்கும் நடை தெரியும். காலையில் அவள் மூட்டும் தீயின் புகையைப் பார்த்துவிட்டு, அவள் வீட்டில்தான் இருக்கிறாள், இப்போது கடைப்பக்கம் போகலாம் என்று முடிவு செய்வான். முகம் மட்டும் மங்கிவிட்டது. சிறுவனாக இருந்தபோது பள்ளிக்கூடத்துச் சமையலறையில் அவனுக்கு ரொட்டி வெட்டிக் கொடுத்தவள் அவள்தான். அவள் மகள் ரொசாலியை அவனுக்கு என்று பேசி முடித்த நாளிலிருந்து அந்த முகம் அவனுக்கு இல்லாமல் போயிற்று.

மக்ரே கிணறு என்ற அந்தப் பழங்குடி ஊரில் மாப்பிள்ளை மாமியாரைப் பார்ப்பதில்லை. பேசுவதில்லை. பெயரை வாயால் சொல்வதில்லை. கடையில் அவள் மாவும் தேயிலையும் வாங்கிக்கொண்டிருந்தால் அவன் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பான். அவன் வண்டி தெருவில் வந்தால் அவள் வேலிப்பக்கம் திரும்பி நின்றுகொள்வாள். இதில் பகை எதுவும் கிடையாது. ஊரில் ஒருவருக்கு இன்னொருவர் கொடுக்கக்கூடிய மரியாதையில் இதற்கு மேல் ஒன்று இல்லை. அவன் கங்காரு அடித்தால் வால் அவளுக்குப் போகும், ரொசாலி கையால். அவளுக்கு நல்ல விறகு கிடைத்தால் பாதி அவன் வாசலில் கிடக்கும். ஒரு வார்த்தை பேசாமல் ஒருவரை ஒருவர் இவ்வளவு கவனித்துக்கொள்ள வேறு யாரால் முடியும் என்று டெஸ்மண்ட் சில சமயம் நினைத்துக்கொள்வான்.

மாமியாருக்குத் தங்கைகள் நான்கு பேர். அவர்களும் அவனுக்கு மாமியார்களே. ரொசாலியின் அண்ணன் ஹெக்டர் கல்யாணத்தன்றே சொல்லிச் சிரித்தான்: "மச்சான், எல்லாரும் ஒரு பொண்ணு கட்டுனா ஒரு மாமியார். நீ ஒண்ணு கட்டி அஞ்சு வாங்கியிருக்கே. இனி இந்த ஊர்ல உனக்கு நடக்க வழியே கெடையாது. பறந்துதான் போகணும்."

டெஸ்மண்ட் பிறந்தது இங்கேதான். அம்மா இறந்தபின் கடற்கரை நகரத்து விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அவன் குடும்பத்தில் அதுவரை யாரும் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டியதில்லை. அவன் தாண்டினான். நில அளவையில் இரண்டு வருடம் படித்துச் சான்றிதழும் வாங்கினான். அந்த நகரத்தில் எல்லாரும் அவனைப் பார்த்து ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள், உங்கள் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று. அவன் ஏதாவது ஒன்றைச் சொல்வான். இரவில் படுத்தபின், நான் யார் அதைச் சொல்ல என்று தோன்றும். ஊரில் எது யார் பேச வேண்டிய பேச்சு என்பதற்கு ஒரு கணக்கு இருந்தது. நகரத்தில் அந்தக் கணக்கே இல்லை. யார் வேண்டுமானாலும் எதைப் பற்றியும் பேசினார்கள், அதுவும் உரக்க.

திரும்பி வந்தான். கால்பந்து ஆடினான், மருத்துவ நிலையத்து வண்டியை ஓட்டினான், ரொசாலியைக் கட்டினான். படித்த படிப்பு பெட்டியில் கிடந்தது.

அப்புறம்தான் மின்தடக் கம்பெனி வந்தது. தெற்கே பாலைவனத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் சூரியத் தகடுகள் பரப்பியிருந்தார்கள். அந்த மின்சாரத்தை வடக்கே துறைமுகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வழியெல்லாம் மின்கோபுரங்கள். வழியில் மக்ரே கிணற்றுக்காரர்களின் நிலம்.

வேறு ஊர்களில் கம்பெனிக்காரர்கள் முதலில் தோண்டிவிட்டு அப்புறம் கேட்ட கதைகளை ஊர் அறியும். அதனால் ஊர் மன்றம் முதல் நாளே கறாராகச் சொன்னது. ஊர் ஆட்களைக் கேட்காமல் ஒரு முளைகூட அடிக்கக் கூடாது. எங்கள் ஆள் ஒருவன் ஊர்த் தொடர்பாளராக எல்லாக் கூட்டத்திலும் இருக்க வேண்டும். அவன் இல்லாமல் நடக்கும் கூட்டம் செல்லாது. கம்பெனி எல்லாவற்றுக்கும் தலையாட்டியது. உண்மையாகவே தலையாட்டியது. ஜில்லியன் என்ற நடுவயதுப் பெண்ணை அனுப்பி, ஊரோடு கலந்து பேசுவதுதான் உன் முழு வேலை என்று சொல்லியிருந்தார்கள்.

தொடர்பாளர் யார் என்ற பேச்சு வந்தபோது கூட்டம் நடக்கும் கொட்டகையில் இருந்த எல்லாத் தலைகளும் டெஸ்மண்ட் பக்கம் திரும்பின. படித்தவன், நிலம் அளக்கத் தெரிந்தவன், குடிக்காதவன். கை தட்டினார்கள். ஹெக்டர் விசிலடித்தான். அன்றைக்கு மாமியார்களும் ரொசாலி மூலம் சந்தோஷம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

தொடக்கத்தில் வேலை ஒழுங்காகவே நடந்தது. கூட்டத்தில் பேசியதை ரொசாலி அம்மாவிடம் கொண்டுபோவாள், அம்மா சொன்னதை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருவாள். ரொசாலி வாயாடி, ஒரு சொல் விடமாட்டாள். மேற்கே மணல்மேட்டு வரிசையில் இரண்டு இடத்தில் மின்கோபுரக் கோடு வளைந்தது அவளால்தான். ஜில்லியனுக்கு அவளை மிகவும் பிடித்துப்போயிற்று.

ரொசாலி உண்டாகியிருந்தாள். ஏழாம் மாதத்தில் கால் வீங்கி, கண் இருட்டி, ஒரு மத்தியானம் மருத்துவ நிலையத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ரத்த அழுத்தம் என்றார்கள். அன்று மாலையே சின்ன விமானம் அவளை நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. பிள்ளை பிறக்கும்வரை அங்கேதான்.

அவள் போன பிறகுதான் கோடு கிழக்குப் பக்கத்தை எட்டியது.

கிழக்கே போகும் பழைய வண்டித்தடம் ஓரிடத்தில் காரணமே இல்லாமல் வளையும். வெள்ளைப் பட்டை மரங்கள் கூட்டமாக நிற்கும் ஒரு தாழ்ந்த நிலத்தைப் பெரிதாகச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய்ச் சேரும். டெஸ்மண்டின் மாமாக்கள் அந்த வளைவில் பேச்சை நிறுத்துவார்கள், முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார்கள். ஏன் என்று அவன் கேட்டதில்லை. அது பெண்களின் இடம். அங்கே என்ன இருக்கிறது என்று எந்த ஆணுக்கும் தெரியாது. அதைவிட, அது பெண்களின் இடம் என்று வெளியாளிடம் சொல்வதுகூட ஆணின் வேலையில்லை.

கம்பெனி இன்ஜினீயர் மார்ட்டனை அந்தத் தடத்தில் அவன்தான் கூட்டிப்போனான். வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தான், கழுத்தும் கூடவே திரும்பியது.

"ஏன் சுத்திப் போறீங்க?" என்றான் மார்ட்டன்.

"வழி எப்பவும் இப்படித்தான் போகும்."

"மழைக்காலத்துல சேறாகுமோ?"

டெஸ்மண்ட் பாதையைப் பார்த்தே ஓட்டினான். மார்ட்டன் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினான். பூட்ஸ் குதிகாலால் தரையைக் குத்தினான். "கல்லு மாதிரி இருக்கே. நேராப் போனா ரெண்டு கோபுரம் மிச்சம்." சொல்லிவிட்டுச் சிரித்தான். நல்ல மனிதன். வழியில் குடிக்கத் தன் தேநீரை டெஸ்மண்டோடு பகிர்ந்துகொள்பவன். அவனிடம் என்ன சொல்வது? ஒரு சொல் சொன்னால் போதும், இங்கே வேண்டாம் என்று. ஏன் என்று கேட்பான். தெரியாது என்றால், தெரியாமல் எப்படிச் சொல்கிறாய் என்பான். சொல்ல வேண்டியவர்கள் சொல்வார்கள் என்று டெஸ்மண்ட் நினைத்தான். அவர்கள் சொல்லாமல் விடமாட்டார்கள்.

அடுத்த கூட்டத்தில் வரைபடத்தைத் திரையில் காட்டினார்கள். கோடு வெள்ளை மரங்களின் நடுவே நேராகப் போனது.

கொட்டகையில் பெண்கள் உட்காரும் பக்கம் பாதி காலி. ஐந்து மாமியார்களும் வந்திருந்தார்கள், ஆனால் உள்ளே இல்லை. தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம், கொட்டகைக்கு முதுகைக் காட்டி, தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டெஸ்மண்ட் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜில்லியன் அவன் பக்கம் குனிந்தாள். "அவங்க உள்ள வரலையா?"

"அங்கேயே இருக்காங்க."

"அங்கேர்ந்து கேக்குமா?"

"கேக்கும்."

"ஏதாவது சொல்லணும்னா சொல்லுவாங்கதானே?"

"சொல்லுவாங்க," என்றான். அவன் சொன்னது எதுவும் பொய்யில்லை.

கோட்டைப் பார்த்ததும் ஆண்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். ஒருவர் குச்சியால் மண்ணைக் கீறினார். வெளியே ஒரு நாய் எழுந்து, மறுபடி படுத்தது. ஊர் வழக்கம் தெரிந்த எவருக்கும் அந்த அமைதியைக் கேட்டால் முதுகு சில்லிட்டிருக்கும். மார்ட்டன், "அப்ப இந்தப் பகுதியில யாருக்கும் ஒண்ணும் இல்லையே?" என்றான். யாரும் பேசவில்லை. பேச உரிமையுள்ள ஐந்து பேரும் தொட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். மற்றவர்கள் வாயில் வரக்கூடிய பேச்சு அல்ல அது. மார்ட்டன் அடுத்த படத்துக்குப் போனான்.

ஒரு வாரத்தில் கிழக்குத் தடத்தில் முளைகள் முளைத்தன. ஒவ்வொன்றின் தலையிலும் இளஞ்சிவப்பு நாடா. காற்றில் அவை படபடக்கும் சத்தம் வண்டிக்குள் இருந்தாலும் கேட்டது. வளைவு வந்தபோது டெஸ்மண்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனால் நாடாக்கள் வளையவில்லை, நேராகப் போய்விட்டன என்பது கடைக்கண்ணில் தெரிந்தது.

அன்று, புதன்கிழமை, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான்.

"அம்மா உங்கிட்ட ஏதாச்சும் பேசுனாங்களா?"

"அம்மாகிட்ட ஏதுய்யா போன்? சித்தி போனையும் நாய் கடிச்சிருச்சாம்," என்றாள் ரொசாலி. "ஏன், என்ன ஆச்சு? ஒழுங்காச் சாப்பிடறியா இல்லையா? ஹெக்டரோட சேந்து சீட்டாடிக்கிட்டே கெடக்கியா?"

"கோடு கிழக்கே வந்திருச்சு."

அவள் சிரிப்பு நின்றது. "எங்க வரைக்கும்?"

"நாம சுத்திப் போவோம்ல. கோடு சுத்தல."

 அவன் அதுவரை கேட்டிராத ஒரு குரலில் சொன்னாள்: "டெஸ்மண்ட், அங்க ஒண்ணு ஆச்சுன்னா மொதல்ல எங்களுக்குத்தான் ஆகும். வயித்துல இருக்கறதுக்குத்தான் ஆகும். நீ அங்கதானே இருந்தே? அம்மா ஒண்ணும் சொல்லலையா?" போனில் ஏதோ கருவி கீச்சிட ஆரம்பித்தது. ஒரு செவிலி போனை வாங்கி, இப்போது அவளிடம் பதற்றப்படுகிற மாதிரி எதுவும் பேசாதீர்கள், நாங்களே கூப்பிடுகிறோம் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் டெஸ்மண்ட் வேட்டைக்குப் போனான். ஒரு பெரிய செங்கங்காரு கிடைத்தது. வாலை அறுத்து, மயிரைத் தீயில் பொசுக்கி, ஹெக்டரிடம் கொடுத்து அனுப்பினான். வேறு எப்படிப் பேசுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. அரைமணியில் ஹெக்டர் திரும்பி வந்தான். வால் அவன் தோளிலேயே இருந்தது.

"அம்மா வேணாம்னுட்டா."

டெஸ்மண்ட் வாங்கவில்லை. ஹெக்டர் அதை வண்டி முகப்பில் வைத்தான். உடனே ஈ மொய்த்தது.

"என்ன சொன்னாங்க?"

"எங்கிட்ட என்ன சொல்லுவா? நான் ஆம்பள, அதுவும் அவ பெத்த மகன். அந்த எடத்தைப் பத்தி அவ எங்கிட்ட ஒரு சொல்லு பேச முடியாது. வாலைப் பாத்தா, என்னைப் பாத்தா, உள்ள போயிட்டா. அவ்வளவுதான்." ஹெக்டர் கீழே உட்கார்ந்து புகையிலை சுருட்டினான். "நீதான் இன்ஜினீயரைக் கூட்டிட்டுப் போனே. நீதான் திரைக்கு முன்னாடி உக்காந்திருந்தே. அவ என்ன நெனைப்பா? ரொசாலி மூலமா உனக்கு எல்லாம் தெரியும், தெரிஞ்சேதான் கோட்டை அங்க விட்டேன்னு நெனைக்கிறா."

"ரொசாலிதான் இங்க இல்லையே."

"அதான்."

"அப்ப அவங்க கொட்டகைக்கு வந்து சொல்லலாம்ல? ஜில்லியன் கேட்டுக்கிட்டேதானே இருந்தா?"

ஹெக்டர் அவனை விசித்திரமாகப் பார்த்தான். பிறகு சிரித்தான். அந்தச் சிரிப்பில் சிரிப்பு இல்லை. "உன்னைப் படிக்க வச்சதுக்கு ஒரு மாட்டைப் படிக்க வச்சிருக்கலாம். நீ உள்ள இருக்கேல்ல. அவங்க எப்படி வருவாங்க? கம்பெனிக்காரன் இந்த ஊர் பூரா தேடி, அஞ்சு பொம்பளைங்க வாயையும் ஒண்ணா அடைக்கிற ஒரே ஒருத்தனைக் கண்டுபிடிச்சு வேலை கொடுத்திருக்கான். நாமளும் கை தட்டுனோம். நான் விசில்கூட அடிச்சேன்."

 ஒவ்வொரு கூட்டத்திலும் திரையை மட்டும் பார்த்துக்கொண்டு, ஒழுங்கான மாப்பிள்ளையாக இருந்தது டெஸ்மண்டுக்கு நினைவுக்கு வந்தது. அவள் பக்கம் தலை திரும்பாமல் இருந்ததில் அவனுக்கு ஒரு பெருமைகூட இருந்தது. விடுதிப் பள்ளியும் நகரமும் தன்னைக் கெடுத்துவிடவில்லை என்று ஊருக்குக் காட்டிய பெருமை. அதுதான் அவர்கள் வாயை அடைத்ததா? தப்பு செய்திருந்தால் திருத்தலாம். சரியாக இருந்ததை எப்படித் திருத்துவது?

கோட்டை முடிவு செய்யும் கடைசிக் கூட்டத்துக்கு ஜில்லியனும் மார்ட்டனும் விமானத்தில் வந்து இறங்கியபோது அவன் ஓடுதளத்திலேயே காத்திருந்தான்.

"நான் வேலையை விடறேன்," என்றான் ஜில்லியனிடம். "இப்பவே. கூட்டத்துக்கு நான் வரல. நான் இல்லைன்னா, பேச வேண்டியவங்க உள்ள வருவாங்க."

காரணத்தைச் சொன்னான். மாமியார் என்பதை மட்டும். மரங்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஜில்லியன் முழுவதும் கேட்டாள். பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இத்தனை நாளும் அவங்க தொட்டிக்குப் பின்னாடி உக்காந்திருந்தது..."

"ஆமா."

"நான் அவங்களைப் பாத்துக் கையை வேற ஆட்டினேனே, டெஸ்மண்ட்." அவள் காற்றடிக்கும் வெற்று ஓடுதளத்தைப் பார்த்தாள். "ஆனா நீங்க இப்ப விட முடியாது. இதுதான் கடைசிக் கூட்டம், மன்றம் வேற ஆள் போட நேரமில்லை. நீங்க இல்லாம கூட்டம் நடந்தா அது செல்லாது. செல்லலைன்னா போன கூட்டத்து முடிவுதான் நிக்கும். நேர்க்கோடு. இது நாங்க வச்ச விதி இல்லை. உங்க மன்றம் வச்சது."

"தெரியும். நானும் சேந்துதான் கேட்டேன்."

அவன் இருந்தால் அவர்கள் வர முடியாது. அவன் இல்லாவிட்டால் அவர்கள் வந்தும் பயனில்லை. ஓடுதளத்தின் ஓரத்தில் குந்தியிருந்த ஹெக்டர்தான் வழி சொன்னான், அதையும் கேலி மாதிரியேதான் சொன்னான். "வண்டியோட கொட்டகைக்குள்ள போயிரு மச்சான். கண்ணாடியை ஏத்திவிட்டுட்டு மூஞ்சியை மேற்கே வச்சுக்க. விதி உன்னை இருக்கச் சொல்லுச்சு. பாக்கச் சொல்லலைல்ல."

அப்படியே செய்தார்கள். நீள ஜீப்பைக் கொட்டகையின் மேற்கு ஓரத்தில், தகரக்கூரைக்கு அடியில், மூக்கு வெளியே நீட்டியபடி நிறுத்தினான். கண்ணாடிகளை ஏற்றினான். பின்னால் பார்க்கும் கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பிவிட்டான். பின் சன்னல்களில் ஹெக்டர் போர்வையைத் தொங்கவிட்டான். ஜில்லியன் வந்து முன்கண்ணாடி வழியாக அவனைப் பார்த்து, இருக்கிறார் என்று மார்ட்டனிடம் சொன்னாள்.

செருப்பு தேயும் சத்தம் கேட்டது. முதலில் ஒன்று, பின்னால் நான்கு.

உள்ளே என்ன நடந்தது என்று டெஸ்மண்டுக்குத் தெரியாது. ஆண்கள் எல்லாரையும் வெளியே போகச் சொன்னார்கள். அது தெரியும், ஏனென்றால் மார்ட்டன் வண்டிக்கு முன்னாலே கால்பந்துத் திடல் பக்கம் குழப்பத்தோடு நடந்து போனான். பிறகு ஒரு குரல் நீண்ட நேரம் தாழ்ந்து பேசியது. சொற்கள் கேட்கவில்லை. கேட்டுவிடக்கூடாது என்று அவன் தொண்டைக்குள் ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டே இருந்தான். ஆனாலும் அந்தக் குரல் எந்த இடத்தில் நடுங்கியது என்று தெரிந்தது.

வெளியே வந்த ஜில்லியன் வயதானவளாகத் தெரிந்தாள். மார்ட்டன் திடலிலிருந்து ஓடிவந்தான். இருவரும் வண்டிக்கு முன்னால் நின்று பேசினார்கள்.

"கோடு அங்க போகக் கூடாது," என்றாள் ஜில்லியன்.

"காரணம்?"

"சொல்ல முடியாது."

"அவங்க சொல்லலையா?"

"சொன்னாங்க. நான் உங்கிட்ட சொல்ல முடியாது. எழுதவும் முடியாது."

"காரணம் இல்லாம நான் மேல எப்படி..." மார்ட்டன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். தலையைச் சொறிந்தான். "சரி. பழைய தடத்தோடயே வளைச்சிடலாம். ரெண்டு கோபுரம் கூட வரும், வரட்டும். நான் பேசிக்கறேன்."

 டெஸ்மண்ட் கண்ணாடியை இறக்கினான். மார்ட்டன் சன்னலில் கை வைத்துக் குனிந்தான், ஆறுதலாகச் சிரித்தான். "ஒரு வேலைதான் வீணாப் போச்சு, டெஸ்மண்ட். அங்க மண் சோதனைக்குத் துளை போட்டிருந்தோம்."

"எங்க?"

"மரங்களுக்கு நடுவுலதான். தாழ்ந்த எடம் இருக்குல்ல, அங்க. சின்னத் துளை, கை நுழையற அளவு. போன கூட்டத்துல யாரும் ஒண்ணும் சொல்லலைன்னுதான் ஆட்களை அனுப்பினேன். ஆச்சரியம் என்னன்னா, கொஞ்ச ஆழத்துலயே தண்ணி. அப்படி ஒரு தண்ணி, பீச்சி அடிச்சுதாம். கம்பம் நடறதுக்குத் தண்ணி ஆகாதுல்ல. சிமெண்ட் ஊத்தி அடைச்சிட்டு வந்துட்டாங்க."

"எப்போ?"

"புதன்கிழமை."

ரொசாலியின் போனில் கருவி கீச்சிட்ட அதே நாள். ஜில்லியன் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு இந்தத் துளை பற்றித் தெரிந்திருக்கவில்லை. மார்ட்டன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு எதுவும் புரியவில்லை, புரியவைக்கவும் வழியில்லை.

கொட்டகைக்குள் பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். தேநீர்க் கெட்டிலில் தண்ணீர் கொதித்தது. யாரோ ஒருத்தி மெல்லப் பாடினாள், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். கோடு வளைந்துவிட்டது என்ற சந்தோஷம்.

"அவங்ககிட்ட சொல்லணும்," என்றான் டெஸ்மண்ட், முன்கண்ணாடியைப் பார்த்தபடி.

"யாரு?"

"நான் அவங்க முன்னாடி போக முடியாது. ஹெக்டர் அவங்க மகன். மார்ட்டன் ஆம்பள, அவருக்கு என்ன எடம்னே தெரியாது. ரொசாலி இல்ல." கை மட்டும் பின்னால் கொட்டகையைக் காட்டியது. "உள்ள கேட்டது நீங்க மட்டும்தான்."

ஜில்லியன் திரும்பி உள்ளே நடந்தாள். மண் தரையில் அவள் காலடி கேட்டது, பிறகு அவள் உட்காரும் சத்தம். பாட்டு இன்னும் இரண்டு அடி போயிற்று. அப்புறம் ஒவ்வொரு குரலாக அதிலிருந்து கழன்றது. கடைசியாக ஒரு குரல் மட்டும், கொஞ்சம் பின்தங்கி, சொல்லின் நடுவிலேயே நின்றது. அந்தக் குரல் யாருடையது என்று அவனுக்குத் தெரியும்.

அழுகை வரும் என்று அவன் காத்திருந்தான். வரவில்லை. கெட்டில் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது, யாரும் அதை அணைக்கவில்லை.

ஜில்லியன் திரும்பி வந்து சன்னலருகே நின்றபோது அவள் கைகளில் சிவப்பு மண் ஒட்டியிருந்தது.

"உங்க மாமியார் உங்களுக்கு ஒண்ணு சொல்லச் சொன்னாங்க," என்றாள். இதுவரை ரொசாலி மட்டுமே சொல்லிவந்த வாக்கியம் அது. "உங்க மேல தப்பு இல்லையாம். வாலைத் திருப்பி அனுப்பினதுக்கு வருத்தப்பட்டாங்க."

டெஸ்மண்ட் தலையசைத்தான்.

"இன்னொண்ணு. ரொசாலியை இங்க கூட்டிட்டு வரக் கூடாதாம். பிள்ளை பொறந்தாலும். பிள்ளையையும் வேண்டாம். அவங்க சொல்ற வரைக்கும் இந்த மண்ணுல கால் படக் கூடாதாம்."

"எதுவரைக்கும்?"

"கேட்டேன். அவங்களுக்கும் தெரியல, டெஸ்மண்ட். இதுக்கு முன்னாடி இப்படி நடந்ததில்லையாம்."

பின்னால் செருப்புகள் தேய்ந்தன. ஐந்து பேரும் கொட்டகையை விட்டு இறங்கிக் கிழக்கே நடக்க ஆரம்பித்தார்கள். அடைத்த துளையைத் திறக்கத்தானோ என்னவோ, கம்பிகளும் கடப்பாரையும் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கூடவே போயிற்று. வெயில் ஏறுவதற்கு முன்னால் போய்ச் சேர முடியாத தூரம் அது. வண்டியில் கொண்டுபோய் விட அவனால் முடியாது. வேறு எந்த ஆணாலும் முடியாது. ஜில்லியன் ஒரு நொடி நின்றாள். பிறகு மார்ட்டனிடம் விமானத்தை அனுப்பிவிடச் சொல்லிவிட்டு அவர்கள் பின்னால் ஓடினாள்.

டெஸ்மண்ட் மேற்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். ரொசாலியிடம் இதை எப்படிச் சொல்வது, எந்த வார்த்தையில் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தான். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ஆஸ்பத்திரி எண். கிழக்கே செருப்புச் சத்தம் தேய்ந்து மறையும்வரை அவன் அதை எடுக்கவில்லை. பிறகு எடுத்தான்.